ராயித் எங்கே?

"ஐயா, நீங்கள் சரித்திரம் எழுத உட்கார்ந்தால் ராஜாக்களையும் கோட்டைகளையும் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லையா? நேற்றைக்கு நடந்தது எதுவும் சரித்திரம் ஆகாதா?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆகவே இந்தத் தடவை, முப்பது வருஷத்துக்குள் பிறந்து, வளர்ந்து, உலகமெல்லாம் பேச்சாகி, பாதி அடங்கியும் போய்விட்ட ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், என் மீது உங்களுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச மரியாதையும் குறைந்து, மேற்கொண்டு படிக்காமல் விட்டாலும் விட்டுவிடுவீர்கள்.

வலைப்பதிவு என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலைப்பூ என்றும் சொல்வதுண்டு. இன்டர்நெட்டில் ஒருவர் தமக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தோன்றியதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டே போவார். புதிதாக எழுதியது மேலே இருக்கும். பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும். அச்சாபீஸ் வேண்டாம், பத்திரிகாசிரியர் வேண்டாம், 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையும் வராது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். ஒருவருமே வராமலும் போகலாம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'பிளாக்'. இந்தப் பெயருக்குள் ஒரு மரக்கட்டை ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பாய்மரக் கப்பல் காலத்தில், நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று அறிவதற்கு மைல் கல்லா நட்டு வைத்திருந்தார்கள்? ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கமாகத் தண்ணீரில் எறிவார்கள். கட்டை விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடியில் வடிகிற மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போயிற்று என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு போனால் மணிக்கு ஐந்து கடல் மைல் வேகம். கப்பல் வேகத்தை இன்றைக்கும் முடிச்சுக் கணக்கில் சொல்வது இதனால்தான். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அது காட்டிய வேகத்தைக் குறித்து வைத்த நோட்டு 'லாக் புத்தகம்' ஆயிற்று. நாளடைவில் காற்று, மழை, மாலுமிகளின் காய்ச்சல், செத்தவர் கணக்கு எல்லாம் அதிலே ஏறின.

அந்தக் கட்டை கரை ஏறியது 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி. ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தாம் வலையில் கண்ட சுவையான விஷயங்களை அன்றாடம் குறித்து வைத்த பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் சூட்டினார். ஜேம்ஸ் ஜாய்ஸின் எழுத்தில் முங்கி முங்கி எழுந்தவர் இவர்; வார்த்தைகளை ஒட்டுப்போடும் பழக்கம் அங்கிருந்து வந்ததோ என்னவோ! 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் வேடிக்கைக்காக அந்த ஒட்டை வேறு இடத்தில் பிளந்து, 'வீ பிளாக்' என்று எழுதினார். 'நாங்கள் பிளாக்குகிறோம்' என்பது போல ஒரு பொருள் வந்தது. தலை போய் வால் மட்டும் நிலைத்துவிட்டது.

பெயர் வருவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டார். ஜஸ்டின் ஹால் என்ற பத்தொன்பது வயதுப் பையன், பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவன், 1994 ஜனவரியில் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, தன் வாழ்க்கையை அதில் கொட்ட ஆரம்பித்தான். எட்டு வயதில் தந்தையை இழந்த பிள்ளை. குடிப்பழக்கத்துக்கு ஆளான அந்தத் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதையும் எழுதினான். காதலித்ததை எழுதினான், காதல் முறிந்ததையும் எழுதினான். நம் ஊரில் கிணற்றடியில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சமாசாரங்கள்! பதினோரு வருஷம் இப்படி. 2005 ஜனவரியில் ஒரு நாள், எழுத்தை விட்டுவிட்டுக் காமிராவின் முன் உட்கார்ந்து அழுதான். தன் நேசத்துக்குரியவர்கள் தான் எழுதுவதாலேயே விலகிப் போகிறார்கள், எழுதாமல் தன்னால் இருக்கவும் முடியவில்லை என்பதுதான் அந்த அழுகையின் சாரம். கதை எழுதுகிறவனுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. எங்களுக்குப் பாத்திரங்களின் பெயரை மாற்றி வைத்துத் தப்பித்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்தப் பிள்ளைக்கு அது இல்லை.

எல்லோரும் எழுதலாம் என்ற நிலையை உண்டாக்கியது சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஒரு சின்னஞ்சிறு கம்பெனி. அவர்கள் வேறு ஏதோ பெரிய காரியம் செய்ய முனைந்திருந்தார்கள். தங்களுக்குள் குறிப்பு எழுதிக்கொள்ளச் செய்துகொண்ட சில்லறைச் சாதனம்தான் 1999 ஆகஸ்டில் 'பிளாகர்' என்ற பெயரில் வெளிவந்தது. பெரிய காரியம் போன இடம் தெரியவில்லை. 2001-இல் பணம் தீர்ந்து, சம்பளம் இல்லாமல் எல்லோரும் போய்விட, எவான் வில்லியம்ஸ் என்ற நெப்ராஸ்கா விவசாயி வீட்டுப் பிள்ளை மட்டும் தனியாளாக அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அதில் எழுதிக்கொண்டிருந்த ஜனங்களே காசு போட்டுப் புது இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். 2003-இல் கூகிள் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. உலகத்தாருக்கு விஸ்தாரமாக எழுத இடம் கொடுத்த இதே மனிதர்தான், 2006-இல் வேறு சிலரோடு சேர்ந்து, 140 எழுத்துக்கு மேல் பேசக் கூடாது என்று அந்நாளில் வாயைக் கட்டிய ட்விட்டரையும் ஆரம்பித்தார்.

இனி பாக்தாதுக்குப் போவோம். இந்தக் கட்டுரைக்குத் தலைப்புக் கிடைத்தது அங்கேதான்.

2002-ஆம் ஆண்டு. சதாம் உசேன் ஆட்சி. கட்டடக் கலை படித்த ஓர் இளைஞர், ஜோர்டானில் மேல்படிப்புப் படிக்கப் போயிருந்த தம் சிநேகிதன் ராயிதுக்குக் கடிதம் மேல் கடிதமாக அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் மின்னஞ்சல்தான். ராயித் நல்ல பிள்ளை. ஆனால் பதில் எழுதுவதில் மட்டும் மகா சோம்பேறி. அலுத்துப்போன இவர், 'இனி உனக்குத் தனிக் கடிதம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், இஷ்டமிருந்தால் வந்து பார்த்துக்கொள்' என்று ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார். அதற்கு 'ராயித் எங்கே?' என்றே பெயரும் வைத்தார். தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் சலாம் பாக்ஸ். 'சலாம்' என்றால் அரபு மொழியில் சமாதானம். 'பாக்ஸ்' என்றால் லத்தீனில் சமாதானம்.

யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் சாமான் விலை, வீட்டு ஏற்பாடுகள், சர்க்கார் மீது கேலி, குண்டு போட வருகிறவர்கள் மீது அதைவிடக் கேலி என்று இவர் பாட்டுக்கு இங்கிலீஷில் எழுதிப் போனார். ஒரு சிநேகிதனுக்காக எழுதியதை உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆட்சியில் இதற்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2003 மார்ச்சில் குண்டு விழத் தொடங்கியது. குண்டு விமானங்கள் இங்கிலாந்தில் கிளம்பிவிட்டன என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, அவை தம் ஊருக்கு வந்து சேர ஆறு மணி நேரம் என்று வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டிருக்கிறார். நம் ஊரில் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு நேரம் பார்க்கிற மாதிரி! மார்ச் 24-க்குப் பிறகு ஒரு எழுத்தும் வரவில்லை. செத்துப் போனாரா, பிடித்துப் போய்விட்டார்களா, அல்லது அப்படி ஓர் ஆளே கிடையாதா என்று தேசதேசமாகச் சர்ச்சை நடந்தது. அமெரிக்க வேவுகாரன் என்றார்கள் சிலர். சதாமின் கையாள் என்றார்கள் வேறு சிலர்.

ஆசாமி உயிரோடுதான் இருந்தார். தொடர்பு அறுந்த நாட்களிலும் விடாமல் எழுதி வைத்திருந்து, மே மாதம் மொத்தமாக வெளியிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், "யதேச்சையான சம்பவங்களை அளவுக்கு மீறிப் புகுத்துகிறார்" என்று விமரிசகர்கள் என்னை வறுத்து எடுத்திருப்பார்கள். பீட்டர் மாஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பாக்தாத் வீழ்ந்த பிறகு அங்கே சில வாரம் வேலை பார்த்தார். துபாஷி ஒருவர் தேவைப்பட்டது. இங்கிலீஷ் நன்றாகப் பேசிய ஒரு வாலிபரை அமர்த்திக்கொண்டார். வேலை முடிந்து நியூயார்க் திரும்பியவர், ஊரெல்லாம் பேசுகிறார்களே என்று சலாம் பாக்ஸின் பக்கத்தைத் திறந்து படித்தார். அதில் ஓர் இடத்தில், ஹம்ரா ஓட்டலில் நீச்சல் குளத்தருகே இரவல் பத்திரிகை படித்த கதை இருந்தது. இன்னோர் இடத்தில், அமெரிக்க சிப்பாய்களுக்கு 24 பீட்ஸா கொண்டுபோய்க் கொடுத்த கதை இருந்தது. மாஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பத்திரிகை அவருடையது. பீட்ஸா கொண்டுபோன காரில் அவரும் இருந்தார். உலகம் தேடிக்கொண்டிருந்த மனிதர் அத்தனை நாளும் அவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறார்!

கண்ணெதிரே இருப்பவரிடம் சொல்லாததை முகம் தெரியாதவரிடம் சொல்லும் இந்த மனோபாவம் இருக்கிறதே, எனக்கு வெகு நாளாக இது ஒரு புதிர். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் குடும்ப வழக்கு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு விழுப்புரத்தில் இறங்கிப் போய்விடுகிற மனிதரை நாம் பார்த்ததில்லையா?

ஈரான் தேசத்தில் இது ரயில் பேச்சோடு நிற்கவில்லை. ஹொசைன் தெரக்ஷான் என்ற தெஹ்ரான் இளைஞர் கனடாவில் டொராண்டோவில் குடியேறி, 2001 செப்டம்பரில் பாரசீக மொழியில் எழுதத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவது பெரும் பாடு. தமிழில் ஒருவர் எழுதியது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். யூனிகோடு என்ற பொது ஏற்பாடு வந்த பிறகுதான் நம்மவர்களுக்கும் வழி பிறந்தது. தமிழ்ப் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004-இல் தொடங்கியது. தெரக்ஷான் அந்த யூனிகோடை வைத்துப் பாரசீகத்தில் வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று, சமையல் குறிப்பு மாதிரி, படிப்படியாக எழுதி 2001 நவம்பரில் வெளியிட்டார். அவ்வளவுதான். பத்திரிகைகளை மூடிக்கொண்டிருந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் எழுத உட்கார்ந்துவிட்டார்கள். 'வலைப்பதிவின் தந்தை' என்று தெரக்ஷானைக் கொண்டாடினார்கள்.

2008-இல் அவர் ஊர் திரும்பினார், நவம்பரில் பிடித்தார்கள். எழுதியதற்கு விதித்த தண்டனை பத்தொன்பதரை வருஷம். ஆறு வருஷம் சிறையில் இருந்தபின் 2014 நவம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். வந்து பார்த்தால், அவர் விட்டுப் போன ஊர் இல்லை. வீதி இருந்தது, வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்குக் கை காட்டிவிடும் வழக்கம் போய், எல்லோரும் ஃபேஸ்புக் முதலான இரண்டு மூன்று பெரிய சத்திரங்களில் போய் இறங்கிவிட்டார்கள். அங்கே நாம் தேடிப் போய்ப் படிப்பதில்லை. சத்திரக்காரன் பரிமாறுவதைப் படிக்கிறோம். இவரும் ஒரு கட்டுரையை அங்கே போட்டுப் பார்த்தார். விருப்பம் தெரிவித்தவர்கள் மூன்றே பேர். ஒரு காலத்தில் இவர் கை காட்டிய பக்கத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனதுண்டு. ஆறு வருஷச் சிறையைவிட இந்த மூன்று அவரை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தாளன் புத்தியில் எனக்குத் தோன்றுவது.

டாக்காவில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. அவிஜித் ராய், அமெரிக்காவில் வாழ்ந்த வங்காள எஞ்சினீயர். விஞ்ஞானத்தையும் பகுத்தறிவையும் பற்றி வலையில் எழுதியவர். 2015 பிப்ரவரி 26-ஆம் தேதி மாலை, டாக்கா புத்தகச் சந்தையிலிருந்து மனைவியோடு வெளியே வந்தபோது அவரை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். மனைவி கட்டைவிரலை இழந்து உயிர் தப்பினார். அந்த ஒரே வருஷத்தில் அந்நாட்டில் இன்னும் மூன்று வலைப்பதிவர்கள் அதே விதமாக மாண்டார்கள். எழுதிப் பிழைக்கிறவனுக்குப் புத்தகச் சந்தை கல்யாண வீடு. அதன் வாசலில் நடந்த இதை நினைக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை.

மனசைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ள ஸ்பெயின் தேசத்துப் பாட்டி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

மரியா அமேலியா லோபஸ் என்று பெயர். 1911 டிசம்பர் 23-இல், கலீசியாக் கடற்கரையில் முஷியா என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தொண்ணூற்றைந்தாவது பிறந்த நாளுக்குப் பேரப்பிள்ளை ஒரு வலைப்பதிவு ஆரம்பித்துக் கொடுத்தான். காசு செலவில்லாத பரிசு! பேரனின் கஞ்சத்தனத்தைப் பாட்டி முதல் நாளே தம் பக்கத்தில் உலகறியச் சொல்லிக் காட்டிவிட்டார். கண்ணில் புரை, தாமே தட்டெழுத முடியாது. இவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுவான். உள்நாட்டுப் போர்க் காலத்தைப் பார்த்த கிழவி. அந்தக் கதை வரும், அன்றைய அரசியல்வாதிகளுக்கு அர்ச்சனை வரும், முழங்கால் வலி வரும். பல நாடுகளிலிருந்து ஜனங்கள் பதில் எழுதினார்கள். பேரன் வாசித்துக் காட்ட, பாட்டி சாவதானமாகக் கேட்டு மறுமொழி சொல்வார். 2009 மே மாதம், தொண்ணூற்றேழாவது வயதில் காலமானார்.

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "உங்க அம்மா தினம் திண்ணையில உட்கார்ந்து சொல்றாங்களே, அதை நீங்க ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டதுண்டா?" நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பேச்சை மாற்றுவது எனக்குப் பழக்கம் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஆரம்பத்தில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

2008-இல் என் முதல் நாவல் ஒரு வார இதழில் தொடராக வந்து முடிந்தது. இருபத்து சொச்சம் வயசு. கல்லூரிப் படிப்பை முழுசாக முடிக்காதவன் என்ற குறை உள்ளுக்குள் இருந்ததால், வெளியே கர்வம் இரண்டு பங்கு. அச்சில் வராத எழுத்து எழுத்தே அல்ல என்பது என் சித்தாந்தம். அப்போது ஒரு சிநேகிதர், "உம் நாவலைப் பற்றி ஒரு பையன் வலைப்பூவில் எழுதியிருக்கிறான், பாரும்" என்றார். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத பையன். புனைபெயர். ஐந்து பக்கம் எழுதியிருந்தான். பாராட்டு ஒரு பக்கம்; மீதி நான்கு பக்கமும் ஒரே கேள்வி. கதாநாயகி கோமதி முப்பத்தோராம் அத்தியாயத்தில் எதற்காகச் செத்துப் போகிறாள்? அவளை வைத்து மேற்கொண்டு என்ன செய்வதென்று ஆசிரியருக்குத் தெரியவில்லை, அதனால் கொன்றுவிட்டார் என்பது அவன் அபிப்பிராயம். தான் நினைப்பது தவறானால் ஆசிரியர் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன் என்று முடித்திருந்தான்.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு அல்ல. அவன் சொன்னது சத்தியம் என்பதுதான் கோபத்துக்குக் காரணம். சண்டை போட உதவும் என்று பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து ஐந்து பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். சண்டையும் போடவில்லை, பதிலும் எழுதவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவன் வலைப்பூவில் போய்ப் பதில் சொல்வதாவது! அடுத்த நாவலில் கதாநாயகியைக் கொல்லவில்லை. அதை விமரிசகர்கள் பாராட்டினார்கள். அதற்கடுத்த நாவலிலும் கொல்லவில்லை.

சென்ற மாதம் இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் ஞாபகம் வந்தது. பையன் என்ன, இப்போது என்னைப் போல நரைத்திருப்பான். தேடினேன். பக்கம் இல்லை. அவன் எழுதி வந்த இடத்தையே நடத்தியவர்கள் மூடிவிட்டார்களாம். அதில் இருந்தவை எல்லாம் போனது போனதுதானாம். விவரம் தெரிந்த என் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கிற இடங்களிலும் தேடச் சொன்னேன். இரண்டு நாள் தேடிவிட்டு, "கிடைக்கல சித்தப்பா. அந்தப் பேர்ல வேற எங்கயும் யாரும் எழுதல" என்றான்.

அந்த ஐந்து தாள்கள் மட்டும் என் இரும்பு அலமாரியில், பழைய தொடர் பைண்டிங்குகளுக்கு அடியில் இருந்தன. மை மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. கோமதியைப் பற்றி அன்றைக்குக் கண்ணில் படாத இரண்டு வரி இந்தத் தடவை கண்ணில் பட்டது. ஐந்தாம் தாளின் அடியில் தேதி, மணி, அவன் புனைபெயர் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: பின்னூட்டங்கள்: 0.